மணக் கொப்பி

ஐப்பசியில் வந்த காய்ச்சல்
போகும்போது என் மூக்கையும் கொண்டுபோயிற்று.
மூன்று மாதம் கண்ணால்தான் சமைத்தேன்.
வெங்காயம் பொன்னிறம், உப்பு இரண்டு சிட்டிகை,
தாளிதம் கருகியதைப் புகை வந்து சொல்லும்.
தயாபரன் தலையைக் குனிந்தபடி சாப்பிடுவார்,
உறைப்பு ஏறிய நாளில்
தண்ணீரை மட்டும் இரண்டாம் முறை கேட்பார்.

"கிராம்பு, தேசிக்காய், கோப்பித்தூள்.
காலமையும் பின்னேரமும் மணந்து பாருங்கோ.
திரும்பி வாற மணத்தை ஒரு கொப்பியில எழுதுங்கோ"
என்றார் ஆஸ்பத்திரி வீதி டொக்டர்.
வீட்டில் கிடந்தது பாற்காரரின் கணக்குக் கொப்பி.
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

முதலில் வந்தது பெற்றோல்.
கொக்குவில் செற்றில், ஸ்கூட்டியில் இருந்தபடியே
அழுதுவிட்டேன். அடித்துக்கொண்டு நின்ற பெடியன்
மிச்சக் காசை இரண்டுதரம் எண்ணித் தந்தான்.
பிறகு கிராம்பு. பிறகு மழைக்கு நிரம்பிய வாய்க்கால்.
பிறகொரு வெள்ளிக்கிழமை, சாம்பிராணிக்கு அடியில்,
கழற்றிப் போட்ட தயாபரனின் சேட்டு.
ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன்.

சில பெயர்கள் அசையாமல் நின்றன:
தக்காளி, கரட், வெள்ளரிக்காய், முளைக்கீரை.
குளிர் ஊதும் கடையில் தக்காளிகள்
வகுப்புப் படத்துக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி
ஒரே உயரம், ஒரே சிவப்பு.
வெட்டினால் உள்ளே வெள்ளை நரம்பு,
கத்தி நனையாது.
மூக்கோடு அணைத்துப் பிடித்தால்
பிரிஜ் மணந்தது.

"எல்லாம் வந்திட்டுது டொக்டர், மரக்கறி மட்டும் வரேல்லை."
அவர் சிரிக்கவில்லை. இரத்த றிப்போட்டைப் பார்த்தார்.
"கீரை சாப்பிடுறனீங்களோ?"
"நாளாந்தம்."
"அப்ப இரும்பு எங்க போகுது?"
அதற்கும் ஒரு குளிசை எழுதினார்.

மாசி முடிய, கிணற்றடியில் புல்லுப் பிடுங்கினேன்.
வாழைக்குப் போகும் ஓடையோரம்
கிளை முறிந்து, மண்ணில் படுத்தபடி ஒரு செடி.
நான் நட்டதில்லை.
சட்டி கழுவி ஊற்றிய தண்ணீரோடு போன விதை.
எந்தக் கடையில் வாங்கிய தக்காளியோ!
இலையில் கை பட்டதும்
பின்னால் யாரோ நிற்பதுபோல் திரும்பினேன்.
ஒருவரும் இல்லை.
என் கைதான் மணந்தது,

பச்சையாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக,
வெயிலில் விட்ட செப்புக் குடத்தை
உரசிய விரல்போல.
பழம் நெல்லிக்காயளவு. ஒன்றில் வெடிப்பு,
ஒன்றில் புழு எனக்கு முன்னமே வந்திருந்தது.
வெடித்ததை அப்படியே கடித்தேன்.
புளி தாடை மூலையில் நுள்ளியது.
இனிப்பு பிறகு, தயங்கித் தயங்கி.
கடைசியில் செம்மண்ணா, உவர்த் தண்ணீரா,
ஏதோ ஒன்று நாக்கில் நெடுநேரம் இருந்தது.
சாறு முழங்கை வரை ஓடியது, துடைக்கவில்லை.

இன்னொன்றைத் தயாபரனிடம் கொடுத்தேன்.
மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.
காய்ச்சல், தடிமன் ஒன்றும் வராத மனிதர்.
"உமக்கு மூக்குப் போனது ஐப்பசியில," என்றார்,
"எனக்கு எப்ப போனது?"

அன்றிரவு கொப்பியை விரித்தேன்.
தக்காளிக்கு நேரே சரி போடப் போனேன்.
எந்தத் தக்காளி என்று எழுத
அந்த வரியில் இடம் காணாது.
பேனையை மூடிவிட்டேன்.

செடி மொத்தமாகக் காய்த்தது ஒன்பது.
ஒன்றைப் புழுவும் இரண்டை அணிலும் தின்றன.
விதைக்கென்று ஒன்றைச் சாம்பலில் பிரட்டிக்
காயவைத்திருக்கிறேன். அது எப்படி வருமோ தெரியாது.

இந்தச் சனியும் கடைக்குப் போனேன்.
ஒரு தக்காளியை எடுத்து,
கமெரா இருப்பது தெரிந்தும், மணந்து பார்த்தேன்.
தராசடியில் நின்ற பிள்ளை
"எவ்வளவு அக்கா?" என்றாள்.
அரைக் கிலோ.
குழம்புக்கு நிறம் வேண்டுமே.